கைதட்டினால் கிரேன் நிற்கும்

1. சாவியோடு இறங்கியவர்

கிரேனில் சுமை தூக்கும் வேலைக்கு லிஃப்டிங் இன்சார்ஜாக எனக்கு அது முதல் நாள். இன்சார்ஜுக்கான பச்சை ஜாக்கெட்டை மாட்டி, முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு யார்டு நடுவில் போய் நின்றேன். கிரேன் கேபினில் இருந்த ரஹ்மான் பாய் என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டைப் பார்த்தார். இன்ஜினை ஆஃப் செய்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியில் நிதானமாக இறங்கி வந்துவிட்டார்.

"இன்னா பாய், எறங்கிட்ட?" என்று கேட்டார் முனுசாமி. சுமைக்கு ஸ்லிங் என்கிற கம்பிக் கயிறு கட்டி ஹூக்கில் மாட்டுகிற ரிக்கர் அவர். எளாவூர் பக்கம் நெல் வயல் இருக்கிறது. நடவு நாட்களில் மட்டும் லீவு கேட்பார்.

"கீழேர்ந்து கை சிக்னல் யாரு குடுக்கப் போறாங்கன்னு பாத்தேன். எறங்கிட்டேன்," என்றார் பாய்.

எனக்கு முகம் சுட்டது. யார்டு முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

எங்களுடையது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டு. கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய வெசல் செய்து அனுப்புவோம். வெசல் என்றால் சமையல் பாத்திரம் இல்லை. ஒரு லாரியையே உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு பெரிய இரும்பு உருளை. நான் காக்களூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் தொடங்கி, இங்கே ஸ்டோருக்கு வந்தவள். ஸ்லிங்கும் அதை மாட்டுகிற ஷேக்கிளும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, இதெல்லாம் வெளியே என்னதான் செய்கிறது என்று பார்க்கிற ஆசை பிடித்துக்கொண்டது. ரிக்கிங் கோர்ஸ் படித்தேன். பாஸ் செய்தேன். பழைய இன்சார்ஜ் துபாய்க்குப் போனதும் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்று, அந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

மேனேஜர் வரதராஜன் சார், திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். திருமண் இல்லாமல் யார்டுக்குள் கால் வைக்க மாட்டார். "எங்க கோயில்லயும் தாயாரைச் சேவிச்சுட்டுத்தான் பெருமாள்கிட்டப் போவோம். போய் நில்லும்மா ஜரீனா," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்தான் அவர். ஆனால் பாய் சாவியோடு இறங்கியதும் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"கிரேன் வாடகைக் கிரேன். வேற ஆபரேட்டர் கிடையாது," என்றார் என்னிடம். "இன்னிக்கு ஏற வேண்டிய வெசல், நாளைக்குக் காலையிலயாவது டிரெய்லர்ல ஏறணும். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குப் போக நாளைக்குத்தான் பர்மிட். பாய் ஏறுவாரான்னு இன்னிக்கே பேசி முடிச்சுக்கோ. இல்லேன்னா நான் சிக்னலுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ ஸ்டோருக்கே போயிடு. அப்புறம் யார்டு வேணும்னு என்கிட்ட வராதே."

என்னை மட்டும் அனுப்பினால் பரவாயில்லை. பெயிண்ட் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பர்வீன் மாதிரிப் பெண்கள் நாலைந்து பேர் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி ஸ்டோருக்கு நடந்தால், அவர்களில் ஒருத்திகூட இந்தப் பச்சை ஜாக்கெட்டைக் கேட்க மாட்டாள். அதை நினைத்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

2. வேப்ப மரத்தடியில் ஒரு சண்டை

அது ரமலான் மாதம். பாய்க்கும் நோன்பு, எனக்கும் நோன்பு. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேப்ப மரத்தடியில் மிச்சமிருந்தோம்.

ரஹ்மான் பாயைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். பூ மாதிரி லோடை இறக்குகிற ஆபரேட்டர். யார்டில் இருக்கிற முஸ்லிம்களுக்கு அவர்தான் இமாம். பழைய ஷெட்டில் பாய் விரித்து, முன்னால் நின்று தொழ வைப்பார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருந்ததால்தான் கோபமும் அவ்வளவு வந்தது.

"பாய், என் மேல இன்னா கொறை? கோர்ஸ் முடிச்சிருக்கேன். சிக்னல் எல்லாம் அத்துப்படி. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"வேலை தெரியாதுன்னு நான் சொல்லலமா. பொம்பள கையில பொறுப்ப குடுத்த ஜனம் உருப்படாதுன்னு நாயகம் சொன்னதா ஹதீஸ்ல கீது. எனக்கு அது போதும்."

"கீது பாய். பாரசீகத்துல ராஜா பொண்ண சிம்மாசனத்துல ஒக்கார வெச்ச சேதி வந்தப்போ நாயகம் சொன்னதுன்னும் அதுலயே கீது. அது அந்த ராஜ்ஜியத்தப் பத்தின பேச்சுன்னு சொல்ற ஆலிம்களும் கீறாங்க."

பாய் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடுகிற தஃலீம் என்கிற மார்க்க வகுப்பு உண்டு. அதை நடத்துகிற ஆலிமா, மார்க்கம் படித்துத் தேறியவள், என்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவள். அவள் வாயைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் கப்சிப். அங்கே கேட்டதெல்லாம் எனக்கு அன்றைக்கு மடமடவென்று வந்தது.

"நாயகம் வாலிபத்துல யாருக்காக யாவாரத்துக்குப் போனாங்க? கதீஜாம்மாவுக்காக. ஒட்டகத்துல சரக்கேத்தி சிரியாவுக்கு அனுப்புன மொதலாளி அந்தம்மா. ஆயிஷாம்மா கிட்ட நாயகத்தோட தோழருங்க, சஹாபாக்கள், எத்தினி பேரு வந்து சந்தேகம் கேட்டுக்கினு போனாங்க! உமர் கலீஃபா, மதீனா சந்தைய பாத்துக்க ஷிஃபான்னு ஒரு அம்மாவ போட்டாங்கன்னு எழுதி வெச்சிக்கீறாங்க. அந்தச் சந்தையில தராசு புடிச்சவன்லாம் ஆம்பளதான பாய்? அவன் எவனும் தராச சட்டைப் பையில போட்டுக்கினு எறங்கிப் போவல."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"டில்லிய ரஜியா ஆண்டாங்க. போபால்ல ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா பேகம்ங்க ஆண்டாங்க. நம்ம காலத்துலயே பாகிஸ்தான்ல, பங்களாதேஷ்ல, இந்தோனேஷியாவுல எல்லாம் பொம்பளைங்க நாட்டையே நடத்திக்கீறாங்க. நான் நாட்டையா கேட்டேன்? ஒரு கிரேன் கேக்கறேன்."

"அப்ப நாளைக்கே முன்னாடி நின்னு தொழ வெக்கறேன்னு சொல்லுவ."

"அதுக்கு ஆலிம்களுக்குள்ள ஆயிரம் பேச்சு கீது. அத அவங்க பாத்துக்கட்டும். நாளைக்குக் காலையில கிரேன்ல ஏறுவீங்களா, மாட்டீங்களா?"

"பேஜாரு பண்ணாதமா. நோன்பு நேரம்." பாய் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

பேச்சில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் கிரேன் சாவி இன்னும் அவர் பையில்தான் இருந்தது.

3. நாலாவது ரக்அத்

அன்று மாலை ஷெட்டில் நோன்பு திறந்தோம். பேரீச்சம்பழம், தண்ணீர், கேனில் வந்த கஞ்சி. அப்புறம் மஃரிப் என்கிற அந்தி நேரத் தொழுகை. முன்னால் ரஹ்மான் பாய், அவருக்குப் பின்னால் ஆண்கள் வரிசை, நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை, அதற்குப் பின்னால் நான், பர்வீன், கேன்டீனில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரக்அத் என்றால் தொழுகையில் ஒரு சுற்று. நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது எல்லாம் சேர்ந்து ஒன்று. மஃரிபுக்கு மூன்று. மூன்றாவது முடிந்தால் உட்கார வேண்டும். பாய் உட்காரவில்லை. வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த களைப்போ, காலையிலிருந்து ஓடிய சண்டை மனதில் சுற்றியதோ, மூன்றாவது முடிந்ததும் விறுவிறுவென்று எழுந்து நின்றுவிட்டார்.

இமாம் தவறினால் பின்னால் நிற்கிற ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவருக்குப் பயந்த பையன்கள். பாயே எழுந்துவிட்டார் என்றால் நாம்தான் தப்பாக எண்ணியிருப்போம் என்று அவர்களும் எழுந்துவிட்டார்கள்.

பெண்கள் குரல் கொடுப்பதில்லை. எங்களுக்கு வேறு வழி சொல்லியிருக்கிறது. வலது கையால் இடது புறங்கையில் தட்ட வேண்டும்.

நான் தட்டினேன். தகர ஷெட் ஆயிற்றே, பளீரென்று கேட்டது.

பாய் நின்றது நின்றபடி ஒரு கணம் அசையவில்லை. பிறகு அப்படியே இறங்கி உட்கார்ந்துவிட்டார். மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கிற இரண்டு சஜ்தாவையும் செய்து, சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"யாரு தட்டுனது?"

"நான்தான் பாய்," என்றேன் திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

"சரிதான். மூணுதான் ஆச்சு," என்றார்.

பர்வீனுக்குக் கண் விரிந்துவிட்டது. "ஆபா, நம்ம தட்டுனா அவங்க உக்காந்துதான் ஆவணுமா?" என்று என் காதில் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆபா என்போம். "நம்ம தட்டுனது சரின்னா, உக்காந்துதான் ஆவணும்," என்றேன்.

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே பொறி தட்டியது. ஐயோ, இவ்வளவு நேரம் சிரியாவுக்கும் டில்லிக்கும் ஓடினேனே! என் வழக்குக்குச் சாட்சி இந்த ஷெட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பாய் முன்னால் போய் நின்றேன்.

"பாய், தொழுகையில நான் தட்டுனேன், நின்னீங்க. நாளைக்குக் காலையில நான் கை காட்டுனா நிப்பீங்களா?"

"அது வேற, இது வேறமா."

"வேறதான். அது அல்லாவுக்கு முன்னாடி. இது வெறும் இரும்பு."

பாய் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார்.

4. லிஃப்ட்

மறுநாள் வெயில் ஏறும் முன்பே வேலையை வைத்திருந்தேன். நோன்பாளியை உச்சி வெயிலில் கேபினில் உட்காரவைப்பது நியாயமும் இல்லை, சேஃப்டியும் இல்லை. வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்திப் பேசுவதை டூல் பாக்ஸ் டாக் என்போம். அதில் கிரேன் வேலையின் முதல் சட்டத்தைச் சொன்னேன்.

"ஏத்து, எறக்கு, திருப்பு, எல்லாம் ஒரே ஆள் சிக்னல்தான். இன்னிக்கு அந்த ஆள் நான். ஆனா ஸ்டாப் மட்டும் யாரு வேணும்னாலும் குடுக்கலாம். கைய நீட்டி இப்புடி வீசுனா ஸ்டாப். பெயிண்ட் ஷாப், கேன்டீன், வாட்ச்மேன், யாரா இருந்தாலும் சரி. ஸ்டாப் வந்தா நின்னே ஆவணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ரஹ்மான் பாய் ஒரு ஓரமாக நின்று கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் சார் தன் வாட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பாய் ஏணியைப் பிடித்து ஏறினார். கேபின் கதவைச் சாத்தினார். இன்ஜின் உறுமியது. அப்புறம் ஒரு ஹாரன். ஆபரேட்டர் ரெடி, சிக்னல் கொடு என்று அர்த்தம். எனக்காக அடித்த ஹாரன்! சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாண நாளில்கூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

முனுசாமி ஸ்லிங்கை மாட்டிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். நான் ஆள்காட்டி விரலை மேலே காட்டி மெதுவாகச் சுழற்றினேன். ஸ்லிங் விறைத்தது. வெசல் ஒருமுறை முனகிவிட்டுத் தாங்கிகளை விட்டு எழும்பியது. என் ஒரு விரலுக்கு அவ்வளவு பெரிய இரும்பு மேலே போகிறது! முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம். டிரெய்லர் பக்கம் திருப்பச் சொல்லிக் கையை நீட்டினேன். கிரேனின் நீண்ட கையான பூம் நகர்ந்தது.

திடீரென்று கிரேன் நின்றது.

நான் நிற்கச் சொல்லவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆரம்பித்துவிட்டாரா மனுஷன் தன் வேலையை என்றுதான் முதலில் தோன்றியது. கேபினைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்கவில்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, மஞ்சள் தடுப்பு ரிப்பனுக்கு வெளியே, பர்வீன் நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போய், வலது கையால் இடது புறங்கையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பாவம், நான் காட்டிய சைகை அந்தப் பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. முந்தின நாள் மாலை பார்த்ததுதான் கைக்கு வந்திருக்கிறது. அந்த இன்ஜின் சத்தத்தில் பாய் அதைக் காதால் கேட்டாரா, கண்ணால் பார்த்தாரா, இன்றுவரை அவருக்கே தெரியாது. "கை தன்னால லிவர வுட்டுடிச்சி," என்றுதான் சொல்லுவார்.

மேனேஜர் சார் ஓடி வந்தார். "யாரு நிறுத்தினது? டிரெய்லர் காத்துண்டிருக்கு! பெயிண்ட் ஷாப் பொண்ணு கை தட்டினா கிரேன் நிக்குமா? ஜரீனா, ஏத்தச் சொல்லு!"

"என்ன பாத்த பர்வீன்?" என்று கத்தினேன்.

"ஆபா, அந்தக் காலு... தட்டு சாயுது ஆபா!"

கிரேன் சாயாமல் இருக்க நாலு பக்கமும் இரும்புக் கால் நீட்டி ஊன்றியிருக்கும். அவுட்ரிகர் என்போம். அதன் கீழே தட்டுப் பலகை போட்டிருப்போம். பின்பக்கக் கால் நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது, பாய்க்கும் தெரியாது. பர்வீன் நின்ற இடத்திலிருந்துதான் தெரியும்.

"சார், எறக்கப் போறேன்," என்றேன்.

"சும்மா ஒரு பலகை ஆடியிருக்கும்மா! இன்னும் பாதி திருப்பினா டிரெய்லர். இப்ப இறக்கினா இன்னிக்குப் பர்மிட் போச்சு!" என்னோடு பேசிப் பயனில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தலையை நிமிர்த்திக் கேபினைப் பார்த்துக் கத்தினார். "பாய்! நான் சொல்றேன், திருப்புங்கோ!"

நெஞ்சு உயரத்தில் அவ்வளவு இரும்பும் தொங்குகிறது. சம்பளம் கொடுக்கிற மனுஷர் ஒன்று சொல்கிறார், நேற்று சாவியோடு இறங்க வைத்த பொம்பளை வேறொன்று சொல்கிறாள்.

ரஹ்மான் பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார், சிக்னல் ஜரீனாம்மா கையில. அவங்க சொல்லட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை. பூமைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொல்லிக் கை காட்டினேன். பிறகு ஆள்காட்டி விரலைக் கீழே காட்டினேன். மெதுவாக, மிக மெதுவாக. பாய் பூ மாதிரி இறக்கினார். வெசல் தன் பழைய தாங்கிகள் மேலேயே போய் உட்கார்ந்தது. ஸ்லிங் தளர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எல்லாரும் பின்பக்கம் ஓடினோம். தட்டுப் பலகை ஒரு பக்கம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. முனுசாமி கடப்பாரையைக் கொண்டுவந்து பக்கத்தில் ஊன்றினார். கடப்பாரை மளமளவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா நைனா இது, நாத்து நடலாம் போல கீதே!" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தெரிந்தது. வெசலைத் தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்ப்பதை ஹைட்ரோ டெஸ்ட் என்போம். லிஃப்ட் தள்ளிப்போனதால் கிடைத்த சாயங்காலத்தில், பக்கத்து ஷெட் ஃபிட்டர்கள் வேறொரு வெசலுக்கு டெஸ்ட் முடித்து, தண்ணீரை யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே மண் காய்ந்து நல்ல பிள்ளையாகக் கிடந்தது. அடியில் முழுக்கச் சேறு. இன்னும் பாதி திருப்பியிருந்தால் சுமை முழுக்க அந்தக் காலுக்குத்தான் வந்திருக்கும். கிரேன், வெசல், கேபினுக்குள் பாய், எல்லாம் சேர்ந்து சாய்ந்திருக்கும்.

மேனேஜர் சார் கடப்பாரையைப் பார்த்தார். கேபினைப் பார்த்தார். கர்சீப்பால் முகத்தைத் துடைத்தபோது திருமண் கலைந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்டோர்ல உன் நாற்காலியை எடுத்துடச் சொல்றேன்மா," என்றார். "இனிமே அங்க உனக்கு என்ன வேலை?"

கிரேனைக் கெட்டித் தரைக்கு நகர்த்தினோம். காலுக்கு அடியில் இரும்புத் தகடு அடுக்கினோம். பாய் மறுபடி ஹாரன் அடித்தார், நான் மறுபடி விரலைச் சுழற்றினேன். மதியத்துக்கு முன் வெசல் டிரெய்லரில் ஏறி, கேட்டைத் தாண்டி எளாவூர் பக்கம் போயே போய்விட்டது. நாங்கள் அத்தனை பேரும் கல்யாண ஊர்வலத்தை வழியனுப்புகிற மாதிரி கேட் வரைக்கும் கூடவே நடந்தோம்.

5. மஃரிப்

அன்று மாலையும் அதே ஷெட், அதே கஞ்சி. பாய் முன்னால் போய் நின்றார். வழக்கமாக வரிசை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கிவிடுவார். அன்று திரைப் பக்கம் திரும்பினார்.

"பின்னாடி கீற அம்மாங்களுக்குச் சொல்றேன். நான் தப்பு பண்ணா தட்டுங்கமா. கூச்சப்படாம நல்லாக் கேக்கற மாதிரித் தட்டுங்க."

பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது என் பொறுப்பில் பல யார்டுகள் இருக்கின்றன. பச்சை ஜாக்கெட் போட்ட பெண்களும் இருக்கிறார்கள். பர்வீன் அவர்களில் ஒருத்தி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதீஜாம்மா போலப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். வாங்கிய பிறகு, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் தட்டினால் நில்லுங்கள். அன்றைக்கு நான் சிக்னல் கொடுத்தேன் என்பதற்காக எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். எங்கள் உயிரைக் காப்பாற்றியது பர்வீன் தட்டியதும் பாய் நின்றதும்தான்.

என் யார்டுகளில் ஸ்டாப்புக்கு இரண்டு சைகை. ஒன்று கையை நீட்டி வீசுவது, அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இன்னொன்று புறங்கையில் தட்டுவது. அது எந்தச் சேஃப்டி புத்தகத்திலும் இல்லை. போன வாரம் ஒரு லிஃப்டில், ஸ்லிங்கில் முறுக்கு விழுந்ததைப் பார்த்துவிட்டு முனுசாமி நெற்றி நிறைய விபூதியோடு நின்று புறங்கையில் பளீர் பளீரென்று தட்டினார். நான் சுழற்றிய விரலை அப்படியே மடக்கினேன். மேலே கேபினில் ரஹ்மான் பாய் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.